எல்லைக்கு நாடி பார்ப்பவள்

“பெருவிரலை வைக்கப்பிடாது. அதுக்குச் சொந்தமா ஒரு நாடி உண்டு. நம்ம நாடியை எண்ணிப்போட்டு அவனுக்கதுன்னு நினைச்சிருவோம்” என்று சொல்லிக்கொண்டே சுகிர்தபாய் அக்கா சைக்கிள் கடை பொன்னுதாசின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கிறாள். கண் கைக்கடிகாரத்தில் இருக்கிறது. பொன்னுதாஸ் பஞ்சர் பசை காய்ந்த கையை நீட்டிக்கொண்டு, சபையில் திருவிருந்து வாங்குகிறவனைப்போல முகத்தை வைத்திருக்கிறான்.

எண்ணி முடித்ததும் அவன் பிடரிக்குப் பின்னால் ஒரு பழைய பஸ் ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்குகிறாள். பொன்னுதாஸ் ஸ்டூலோடு துள்ளுகிறான். அந்த ஹாரனை அவளுக்கு விற்றவனே அவன்தான். விற்ற ஹாரனுக்கே பயந்த வியாபாரி பாறசாலையில் வேறு யாரும் இல்லை. துள்ளி அடங்குவதற்குள் மறுபடி நாடி. அடுத்து, மூடி திறந்த ஒரு குப்பி அவன் மூக்கடியில். குப்பிக்குள் மீன்குடல், மூன்று நாள் வெயில் கண்டது. மறுபடி நாடி. கடைசியாகத்தான் கேள்வி வருகிறது: “நம்ம ஊரு மதராசோட சேரணுமா, இல்ல இஞ்ச மலையாளத்தோடயே நிக்கணுமா?” மறுபடி நாடி.

இதற்கு அரசியல் சாஸ்திரம் என்று பெயர்.

அக்கா மதராசில் எம்.ஏ. படித்தவள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்வதற்காக இந்தக் கோடையில் ஊரைக் கையிலெடுத்திருக்கிறாள். நான் கணக்கில் கோழிமுட்டை வாங்கி எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எனக்கே விளங்கும்படி அவள் சொல்லுவாள்: “மனுஷன் மண்டையால யோசிச்சு கட்சியில சேருதான்னு சொல்லுவினும். மண்டை கடைசீலயாக்கும் வரும், மக்கா. முதல்ல வயிறு குமட்டும், பின்ன நெஞ்சு இடிக்கும், அதுக்குப் பின்ன மண்டை வந்து காரணம் கண்டுபிடிக்கும்.” சட்டென்று திடுக்கிடுகிறவன் இருக்கிற இடத்திலேயே இருக்க விரும்புவான், எளிதில் அசையாதவன் மாற்றத்துக்குத் துணிவான் என்பது அவள் கணிப்பு. சரியா தப்பா என்று அவளுக்கும் தெரியாது. “தெரிஞ்சா பின்ன எதுக்கு இந்த மீன்குடலு?” என்பாள்.

அந்த மீன்குடலைக் கொண்டுவருகிறவள் கோட்டுகால் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கூடை சுமந்துவரும் பெர்த்தா. “நல்ல மீனை விட்டுப்போட்டு அழுகினது கேக்குத ஒரே வீடு இதாக்கும்” என்று முறையிட்டுக்கொண்டே கொடுப்பாள். ஒருநாள் வாசலில் நின்ற ஆண்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, “பிள்ளே, ஊரு ஆம்பிளைகளுக்க கையெல்லாம் நீ பிடிச்சாச்சு. பின்ன கல்யாணத்துக்குப் பிடிக்க யாருக்க கை மிச்சம்?” என்று கேட்டாள். அக்கா குப்பியைத் திறந்து பெர்த்தாவின் மூக்கில் காட்டினாள். பெர்த்தா பிச்சிப்பூவை மோந்ததுபோல நின்றாள்.

வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். மாநில எல்லை எங்கே விழும் என்று தெரியாத இந்த வருஷங்களில் இங்கே இரண்டுபேர் சேர்ந்தால் மூன்று கட்சி. நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் மலையாளக் கட்சி அடிக்கும், களியக்காவிளைப் பக்கம் போனால் தமிழ்க் கட்சி அடிக்கும், நடுவில் நின்றால் போலீஸ் அடிக்கும். ஒரே தேயிலைக் கடையில் இரண்டு பெஞ்சு போட்டுப் பிரிந்து உட்கார்ந்தவர்கள், அக்காவின் வாசலில் மட்டும் கட்சிபேதம் பாராமல் வரிசையில் நின்றார்கள். முகச்சவரம் செய்துகொண்டு வந்தார்கள். ஒருவன் இரண்டாம் தடவை வந்தான். நான் மூன்றாம் தடவை, அண்ணன் பெயரில் போனேன்.

கிடைத்த முடிவுகளோ பயங்கரம். எல்லைக் கேள்வி கேட்டதும் ஆண்களின் நாடி நூற்றைத் தாண்டிற்று. தமிழ்க் கட்சிக்காரனுக்கும் நூறு, மலையாளக் கட்சிக்காரனுக்கும் நூறு. பெண்களுக்கு மட்டும் எழுபத்திரண்டில் நின்றது, புளியை விலை கேட்பதுபோல. “ஊரு ஒரு எரிமலையாக்கும்” என்றாள் அக்கா, கண் பளபளக்க.

அவள் வீட்டுக்குள்ளேயே எரிமலை உண்டு. அப்பா பொன்னையன் இந்தப் பகுதித் தமிழ்க் கட்சியின் தலைவர். மேடையில் மீசை துடிக்கப் பேசுவார். அம்மா தங்கபாய் மலையாளப் பக்கத்துக் காட்டாக்கடைக்காரி. “எனக்க அண்ணனுக்க வீட்டுக்குப் போவதுக்கு நான் செக்போஸ்டிலயா நிக்கணும்?” என்று ஒருநாள் கேட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு பல மாதமாகத் திரும்பவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான்.

“சுகிர்தா, காப்பியில சீனி இல்லன்னு உனக்க அம்மைகிட்ட சொல்லு.”

“மதராசிலயிருந்து வரவழைச்சுப் போடச் சொல்லு உனக்க அப்பன்கிட்ட.”

மூன்றுபேரும் ஒரே மேசையில் இருக்கும்போதுதான் இது நடக்கும்.

பொன்னையன் மகளுக்கு ஒரு தவணை கொடுத்திருந்தார்: “சபையில அசன விருந்து வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தக் கை பிடிப்பு முடியணும். முடியலன்னா மதராசுப் படிப்பு வேண்டாம். காரக்கோணத்து ராபின்சன் வாத்தியாருக்கு உன்னைக் கட்டிக்குடுக்க வாக்கு சொல்லிப்போடுவேன்.” ஊரையே மதராசில் சேர்க்க நினைத்தவர், மகளை மட்டும் சேர்க்கத் தயங்கினார். அக்கா சிரித்தபடி தலையாட்டினாள். அன்றிரவு வீட்டைக் கடந்தவர்களுக்கு அவள் ஆர்மோனியத்தில் ஒரே பாமாலையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது கேட்டது. பயந்தால் அவள் அப்படித்தான் வாசிப்பாள்.

அசனத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குச் சளியில் தொண்டை அடைத்தது. காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. வரிசை காத்திருந்ததால் பழக்கத்தில் உட்கார்ந்து பொன்னுதாசின் கையைப் பிடித்துவிட்டாள். ஹாரன் இல்லை, குப்பி இல்லை, கேள்வியும் கேட்கமுடியவில்லை. நாடி நூற்றுப்பத்து. அவள் புருவம் சுருங்கிற்று. மறுநாள் கொஞ்சம் குரல் திரும்பியதும் அடுத்தவனிடம் கரகரத்துக் கேட்டாள்: “புளிசேரியில சீரகம் சேக்கணுமா, வேண்டாமா?” நூற்றுநான்கு.

அக்கா தன் மூன்று விரல்களையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். எண்ணெய் தடவிச் சீவிய தலைகள், பவுடர் முகங்கள், கழுத்தில் கைக்குட்டைகள். முதலில் அவள் தோள் குலுங்கிற்று. பிறகு சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். “அய்யோ, நான் எல்லையை அளக்கல்ல. எனக்க விரலையாக்கும் அளந்திருக்கேன்.” வரிசை தலை குனிந்து மெல்லக் கலைந்தது. கோடைக்கால ஆராய்ச்சித் தாள் முழுவதும் அன்று அடுப்புக்குப் போயிற்று. தங்கபாய் அதில் தண்ணீர் சுடவைத்து மகளின் தொண்டைக்கு ஆவி காட்டினாள்.

அழுவாள் என்று நினைத்தோம். மறுநாள் காலை அவள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் நின்று நாடி எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். இனி அவள் யார் கையையும் தொடமாட்டாள். பெண்டாட்டியோ அம்மாவோ உடன்பிறந்தவளோ நாடியைப் பிடிப்பாள். அக்கா கடிகாரமும் ஹாரனும் குப்பியுமாகத் தள்ளி நிற்பாள். பெண்கள் ஆசையோடு கற்றார்கள். ஒருத்தி பாதிரியாரின் கையிலேயே எண்ணிப் பார்த்தாள்.

ஆண்கள்தான் மறைந்தார்கள். சைக்கிள் கடை பகலிலேயே பூட்டிக் கிடந்தது. அக்கா பின்வாசல் வழியாகப் போய்ப் பொன்னுதாசைப் பிடித்தாள்.

“எக்கா, உனக்க கைன்னா நான் தலையையும் தாறேன்” என்றான் அவன். “எனக்க பெண்டாட்டி கையில நாடியைக் குடுத்தா, அவ கேக்கப்போறது எல்லையைப் பத்தி இல்ல.”

“ஒரே கேள்வியாக்கும் பொன்னுதாசு. அதையும் நான்தான் கேப்பேன்.”

“முதல்ல உனக்க அப்பன் நீட்டட்டு. பொன்னையன் அண்ணன் நீட்டினா நாங்க எல்லாரும் நீட்டுதோம்.”

இதுவே ஊரின் முடிவாயிற்று. நீட்டமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னார்கள். போலீஸ் தடிக்கு முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டியவர் பொன்னையன்; வீட்டில் பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறுகிறவரும் அவரே. மகளின் கணிப்புப்படி திடுக்கிடுகிறவன் மலையாளக் கட்சி. ஊர் பார்க்க ஹாரன் சத்தத்தில் துள்ளினால் தலைவர் என்ன ஆவார்? அதற்கும் மேலே, நாடியைப் பிடிக்கவேண்டியவள் தங்கபாய்.

“ஊரு சிரிக்க என்னைக் களியாக்கப்பிடாது” என்றுமட்டும், கேட்டுவந்த மகளிடம் சொன்னார். அவளும் மறுபடி கேட்கவில்லை. ஆர்மோனியம் மறுபடி கேட்டது.

அசனத்தன்று சபை முற்றத்தில் இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் இருந்தன. வீடு வீடாகத் திரட்டிய அரிசி, ஒரே பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் வெந்த சோறு. இதில் மட்டும் எல்லை கிடையாது. கிணற்றடியில் அக்கா ஸ்டூலைப் போட்டு, ஹாரனும் குப்பியும் வைத்த கூடையோடு நின்றாள். ஸ்டூல் காலியாகவே கிடந்தது. பொன்னுதாஸ் இலையில் இல்லாத பருக்கையைத் தேடிக்கொண்டிருந்தான். தங்கபாய் ரச வாளியோடு வந்து, வழக்கம்போலப் பொன்னையனின் இலையைத் தாண்டிப் போனாள். இரண்டாம் பந்தியும் எழுந்தது. அக்கா குப்பியைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

பொன்னையனின் பக்கத்து இலையில் ராபின்சன் வாத்தியார் இருந்தார். சுத்தமான மனிதர், மோருக்குக்கூட வாயைத் துடைத்துக்கொள்வார். அவர் கிணற்றடியைப் பார்த்துப் புன்னகைத்து, “கல்யாணத்துக்குப் பின்ன இந்த ஹாரன் விளையாட்டெல்லாம் தன்னால நின்னுபோவும், இல்லியா?” என்றார்.

பொன்னையன் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். “விளையாட்டா?” என்றார். மீசை துடித்தது. “வாத்தியாரே, எனக்க மோளு பத்து நாளு முன்ன ஒரு கோடைக்க வேலையை மொத்தமா அடுப்பில போட்டா. தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சதுனாலயாக்கும் போட்டா. தப்புன்னு தெரிஞ்சு ஒரு பேச்சையாவது திருப்பி எடுத்த ஆளு எங்க கட்சியில ஒருத்தன் உண்டா? எதிர்க்கட்சியில உண்டா?”

ஒரு வாரத்தைப் பத்து நாளாக்கியது மேடைப் பழக்கம். யாரும் திருத்தவில்லை.

அவர் எழுந்து கை கழுவினார். நேராகக் கிணற்றடிக்கு நடந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து இடக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டி நீட்டினார். பந்தியில் எல்லாருக்கும் கழுத்து நீண்டது. பொன்னுதாசின் பெண்டாட்டி புருஷனைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள்.

“அம்மா, இஞ்ச வா” என்றாள் அக்கா.

தங்கபாய் வாளியோடு வந்தாள். “எனக்க கையெல்லாம் ரசம்னு உனக்க அப்பன்கிட்ட சொல்லு.”

“ரசம் எந்தக் கட்சியிலயும் இல்லன்னு உனக்க அம்மைகிட்ட சொல்லு.”

தங்கபாய் வாளியை இறக்கினாள். முந்தியில் கையைத் துடைத்து, பெருவிரலை ஒதுக்கி, மூன்று விரல்களை அந்த மணிக்கட்டில் வைத்தாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். தங்கபாயின் உதடுகள் எண்ணத் தொடங்கின. பொன்னையன் கிணற்றுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கண் கயிற்றிலிருந்து அவள் விரல்களுக்கு வந்தது. நேரம் முடிந்தது என்று அக்கா மறுபடி தலையசைத்தாள். தங்கபாய் அதைக் கவனிக்கவில்லை. எண்ணிக்கொண்டேயிருந்தாள்.

அடுத்தது ஹாரன். அக்கா அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் பிடரிக்குப் பின்னால் வந்தாள். முற்றம் முழுவதும் காதைப் பொத்திக் காத்திருந்தது. அவள் கீழே குனிந்து அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். ரப்பர் பந்திலிருந்து விரல்களை எடுத்து, ஹாரனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.