வியாழன் மாலை எடுத்து வைத்த தண்ணீர்க் கிண்ணம்

டாக்டரம்மா இரண்டு விரலால் சின்னியின் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். விட்ட தோல் கீழே இறங்கவில்லை. கிளிப் மாட்டி உலர்த்திய துணியில் அந்த இடம் மட்டும் கூம்பி நிற்குமே, அப்படி நின்றது. பிறகு உதட்டை விலக்கி ஈறைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. புத்தூர் கால்நடை மருத்துவமனை, புரட்டாசிச் சனிக்கிழமை, மூடுகிற நேரம். அதன் பிறகுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீள்ளு இவ்வலேதா?" தண்ணீர் தரவில்லையா என்று தெலுங்கில் கேட்டார். பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் பேசுகிறவன் நான். அன்று தமிழில்தான் வந்தது: "பேதி நிக்கட்டும்னு கிண்ணத்த எடுத்து வெச்சிட்டேன்."

சின்னி என் மகளுடைய நாய். நான்கு கிலோகூடத் தேறாத வெள்ளைப் பொமரேனியன். மகள் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கத் திருப்பதிக்குப் போன அன்று, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னைத் தனியாக அழைத்தாள். "சின்னிய நீங்கதான் பாத்துக்கணும் நைனா. அம்மா எதனா மறந்துடும். நீங்க பயந்த ஆளு, மறக்க மாட்டீங்க." உண்மைதான். ரேணிகுண்டா பார்சல் அலுவலகத்தில் ஒரே மூட்டையை நான்கு முறை சரிபார்க்கிறவன் நான். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் ரயிலைவிட்டு இறங்கி வீடு திரும்பியிருக்கிறேன். பயப்படுகிறவன் தவறு செய்ய மாட்டான் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

அதுவரை சின்னிக்குக் கோழிக் கழுத்தும் ஈரலும்தான். வேகவைத்த தண்ணீரோடு சோற்றைக் குழையப் பிசைந்து வைப்போம். அதனால் தண்ணீர்க் கிண்ணத்தை அது பெரிதாகத் தேடியதில்லை. காலையில் ஊற்றியது மாலையில் பாதி மீந்திருக்கும். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கவிச்சி நுழையாது. நாங்கள் நாமம் போட்டுக்கொண்டு, நாய்க்கென்று அடுப்பில் கோழி வேகவைப்பதா? தீனிக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "இது பிஸ்கட்டு மாதிரி சார், கவிச்சி கணக்குல வராது. பெருமாளே கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்." சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதல் வரியிலேயே கோழி இறைச்சித் தூள் என்று இருந்தது.

மாதம் பிறந்த வெள்ளிக்கிழமை, சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டுத் தட்டு நிறையக் காய்ந்த தீனியைக் கொட்டினேன். சின்னி மொறுமொறுவென்று தின்றது. அன்று மாலையிலிருந்து கிண்ணத்தை விட்டு அது நகரவில்லை. குடித்துவிட்டுத் திரும்பும், நான்கு அடி போகும், மறுபடி வந்து குடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து போன் வந்தபோது மகளிடம் சொன்னேன். அவள் பதறவில்லை. "குடிக்கட்டும் நைனா. முன்னாடி சோத்துலயே தண்ணி இருந்திச்சி. இது காஞ்ச தீனி, தனியா கேக்குது. ஆனா ஒரே நாள்ல மாத்தினா வயிறு கெட்டுடும். சோத்துல தயிர் போட்டு அதோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து குடுங்க. கிண்ணம் மட்டும் காலியா இருக்கக் கூடாது." சரிம்மா என்றேன். பதினாறு வயதுப் பெண் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் எதையும் கலக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வயிற்றால் போகத் தொடங்கியது. ஏற்கெனவே குடித்த தண்ணீருக்கு வீடெல்லாம் மூத்திர ஈரம். இப்போது சாமி அறை வாசலிலும் போய்விட்டது. சனிக்கிழமை தளிகை போட வேண்டும், நாராயணவனத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். வியாழன் மாலை வேலையிலிருந்து வந்ததும் கிண்ணத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

"தண்ணி மேல தண்ணி குடிச்சிக்கினே இருந்தா பேதி எப்படி நிக்கும்?" என்றேன் மனைவியிடம்.

"நாக்க தொங்கப் போட்டுக்கினு உங்களையே பாக்குது, கொஞ்சம் ஊத்துங்களேன்."

"சனிக்கிழம வரைக்கும்தான். வயிறு காயட்டும்."

காலையில் இரண்டு ஸ்பூன், மாலையில் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். அதை வைத்தியம் என்றே நினைத்தேன். வெள்ளிக்கிழமை குளியலறைக் குழாயடியில் சின்னி தரையை நக்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி வெளியே விட்டேன். பிறகு துணியைக் கொண்டுவந்து அந்த ஈரத்தை ஒட்டத் துடைத்தேன். இத்தனையிலும் என்னால் தாங்க முடியாதது அந்தத் துணிதான். கிண்ணத்தை எடுத்தது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். ஈரத்தைத் துடைத்தபோது, ஓர் உயிர் எதைத் தேடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பின்னறையில் சின்னியை விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பூஜை செய்தோம். கோவிந்தா போட்டோம். சாப்பிட்டு எழுந்து கதவைத் திறந்தால், அது தலையைத் தூக்கவில்லை. வால் மட்டும் ஒரு தரம் அசைந்தது. துண்டில் சுற்றி ஆட்டோவில் ஓடினேன். மருத்துவமனை வாசலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "எங்க ஆடு நடந்து வருது, உங்க நாயி ஆட்டோல வருதா சார்?" என்று சிரித்தார். துண்டுக்குள் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, "நீங்க முன்னாடி போங்க" என்று தன் ஆட்டை ஓரமாக இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். முன்னங்காலின் மயிரைச் சிரைத்து நரம்பைத் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த காலிலும் கிடைக்கவில்லை. கடைசியில் முதுகுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி மருந்துத் தண்ணீரை ஏற்றினார். அந்த இடம் சிறு பந்துபோல உப்பியது. அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே பேசினார். "தீனி மாத்தினா கொஞ்சம் பேதி போவும் சார், அது நின்னுடும். போறப்போ உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் சேர்ந்து போவுதில்ல? அத நீங்க திருப்பிக் குடுக்கணும். நீங்க எடுத்துட்டீங்க." சற்று நிறுத்தி, "நாயிக்கு மட்டும் இல்ல. பேதி போற பிள்ளைக்கும் தண்ணி தராத வீடுங்க இருக்குது. கெட்டவங்க யாரும் இல்ல. பயந்தவங்கதான்" என்றார். மருத்துவமனையைப் பூட்டும் நேரம் தாண்டியும், வரிசையில் இருந்த ஆட்டையும் பார்த்து அனுப்பிவிட்டு, மாலை வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார். மதிய உணவு டப்பா திறக்கப்படாமல் மேசைமேல் இருந்தது.

ஞாயிறு முற்பகல் சின்னி என் மடியிலேயே இறந்தது. அன்று மாலை மகளின் போன். வயிற்றால் போய் இறந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை என்பதுதான் அதில் அசிங்கம்.

தசரா விடுமுறைக்கு வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று தயாராக இருந்தேன். துணியைப் பற்றியும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "எவ்ளோ நேரம் நைனா?" வியாழன் மாலையிலிருந்து சனி மதியம் வரை என்றேன். அவள் உதடு அசையாமல் மணிக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்தாள். அந்த விடுமுறையில் என்னோடு நன்றாகத்தான் பேசினாள்.

போன மாதம் விடுதியில் சமையல்காரர் மாறியிருக்கிறார். பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுவிட்டது. என் மகளுக்கு மூன்று நாள் பேதி. எனக்கு அது நான்காம் நாள்தான் தெரிந்தது, அதுவும் அவள் அறைத் தோழியின் அம்மா சொல்லி. பஸ் பிடித்து ஓடினேன். கன்னம் ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல் நிறைந்த பாட்டில்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க வந்து பாட்டில எடுத்து மேல வெச்சிடுவீங்க" என்றாள். தோழி சிரித்தாள். இவளும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயே, சும்மா சொன்னேன் நைனா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடில்லாமல் இருந்தது. அவள் பார்க்காத நேரத்தில் அவள் புறங்கைத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். உடனே இறங்கிவிட்டது.

கிளம்பும்போது வார்டனம்மா வாசல்வரை வந்தார். "முதல் நாளே போன் குடுத்தேன் சார், வீட்டுக்குப் பேசும்மான்னு. வேணாம், எங்க நைனாவுக்குத் தெரிய வேணாம்னுடுச்சி" என்றார். பிள்ளை உங்களுக்குக் கவலை தரக்கூடாது என்று நினைக்கிறது, கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றும் சொன்னார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.