கடம்பத்தூர் கோமதியின் கடைசிக் கேள்வி

வரதன் சார் போயிட்டாரு.

நேத்து வியாழக்கிழமை. அவரு நம்பர்லர்ந்து வாட்ஸ்அப் வந்துச்சி. சரி, இந்த வாரக் கேள்வி வந்துடுச்சின்னு நெனச்சிக்கினு, கம்பெனி கேன்டீன்ல நாஷ்டா முடிச்சிட்டு நிதானமா தான் ஓபன் பண்ணேன்.

அவரு மருமகன் அனுப்பியிருந்தாரு. "மாமா விடியக்காலம் தவறிட்டாரு. ஹார்ட் அட்டாக். சாயங்காலம் எடுக்குறோம்."

டீ டம்ளர கீழ வெச்சேன். யார்கிட்ட சொல்றது? பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுங்களுக்கு நான் சினிமா பத்திரிகையில இருந்ததே தெரியாது.

சினிச்சாரல்னு ஒரு வார இதழ் வந்துக்கினு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? சலூன்ல அட்டை கிழிஞ்சி கெடக்கும். நடுப்பக்க ப்ளோ-அப்ப மட்டும் எவனாவது உருவிக்கினு போயிருப்பான். அதான்.

நான் அங்க பதினாலு வருஷம் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட். சாரு அது கறுப்பு வெள்ளையில வந்த காலத்துலர்ந்து சப்-எடிட்டர். கேள்வி பதில் பக்கத்துல "சாரல் சித்தப்பா"ன்னு ஒருத்தர் நக்கலடிப்பாரே... அவருதான்.

கடம்பத்தூர்லர்ந்து டெய்லி ட்ரெயின். எவனாவது நம்ம புக்கைப் பிரிச்சா, எந்தப் பக்கத்துல சிரிக்கிறான்னு பாத்துக்கினே வருவாரு. "ரெஜினா, இன்னிக்கி ஒருத்தன் என் பதிலுக்கு திருநின்றவூர் வர்ற வரைக்கும் சிரிச்சாம்மா." அன்னிக்கி முழுக்க அவர கையில புடிக்க முடியாது.

மொதல்ல லெட்டருங்க மூட்டையா வரும். அப்பறம் கட்டா வந்துச்சி. அப்பறம் எல்லார் கையிலயும் போன் வந்துடுச்சி. யாருக்குக் கல்யாணம், யாருக்கு டைவர்ஸ்னு நம்ம புக்கு கடைக்கு வர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

ஒரு வாரம் மூணே மூணு போஸ்ட் கார்டு. அதுல ஒண்ணு சந்தாவ நிறுத்தச் சொல்லி.

அன்னிக்கிலர்ந்து கேள்வியையும் அவரே எழுத ஆரம்பிச்சாரு. பேரு போட்டு, ஊரு போட்டு. ஆரணி அல்போன்ஸ். ஊத்துக்கோட்டை நைனா. கடம்பத்தூர் கோமதி.

"பதில மட்டும் நீ எழுதும்மா"ன்னாரு.

"இன்னா சார், நான் பக்கம் போடுறவ. எனக்கு இன்னா எழுதத் தெரியும்?"

"கேள்வியும் நானே, பதிலும் நானேன்னா நல்லா இல்லம்மா. ஒருத்தர் கேட்டா வேற ஒருத்தர் தான் பதில் சொல்லணும்."

அப்படி தான் நான் சித்தப்பா ஆனேன். கடைசி மூணு வருஷம் நீங்க திட்டினது, சிரிச்சது எல்லாம் என்னைப் பாத்து தான். சாரி.

அதுலயும் கோமதி கேள்வி தனி ரகம். "அந்த ஹீரோவுக்கு சொந்த முடியா, விக்கா? சத்தியமா சொல்லு சித்தப்பா"ன்னு மல்லுக்கு நிப்பா. "நான் போய் அத புடிச்சி இழுத்தா பாக்க முடியும்?"னு நான் எழுதுவேன். எனக்கு அவள ரொம்ப புடிக்கும்.

ஒரு தடவ பெரிய பேஜாரு ஆயிடுச்சி. அந்த மாசத்தோட சிறந்த கேள்வின்னு எங்க எடிட்டரே கோமதிய செலக்ட் பண்ணிட்டாரு. பாவம், அவருக்கு விஷயமே தெரியாது. பரிசு ஒரு சுவர்க் கடிகாரம், டயல்ல புக்கு பேரு போட்டது. அட்ரஸ் எங்க, அட்ரஸ் எங்கன்னு உயிர எடுக்குறாங்க.

சாரு கூலா தன் ஊட்டு அட்ரஸ எழுதிக் குடுத்தாரு!

அடுத்த வாரமே "கடிகாரம் கெடச்சிது, கரெக்டா ஓடுது, நன்றி"ன்னு கோமதி லெட்டர் வேற. "சரியான ஃப்ராடு சார் நீங்க"ன்னு வருஷக்கணக்கா ஓட்டியிருக்கேன். சிரிச்சிக்கினே கேட்டுப்பாரு.

அப்பறம் புக்கே நின்னுப்போச்சி. நான் தேர்வாய் கண்டிகையில ஒரு பாட்டில் கம்பெனிக்கு வந்துட்டேன். லேபிள் கோணலா இருக்கான்னு பாக்குற வேலை. ஊடு இந்தப் பக்கத்து ஆரணியில, பட்டுப்பொடவ ஆரணி இல்ல. சாரு ஊட்டோட இருந்துட்டாரு.

ஆனா வியாழக்கிழமைய அவரு விடல. அது எங்களுக்கு இஷ்யூ முடிக்கிற நாளு. வாராவாரம் ஏதாவது ஒரு வாசகர் பேர்ல எனக்கு ஒரு கேள்வி வரும். நானும் சித்தப்பாவா பதில் போடுவேன். ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது, அந்தப் பக்கத்தோட ரூல் அது.

கொஞ்ச நாளா போடல. ஷிஃப்ட், கால் வலி, சோம்பேறித்தனம்... படிச்சிட்டு அப்படியே விட்டுடுவேன். அவருக்கு ப்ளூ டிக் மட்டும் போவும்.

நேத்து அரை நாள் லீவு போட்டுட்டு கடம்பத்தூருக்குப் போனேன். ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், அங்கர்ந்து ஷேர் ஆட்டோ. அவ்ளோதான் தூரம். இத்தனை வருஷத்துல ஒரு தடவ கூட அவரு ஊட்டுக்குப் போனதில்ல நான்.

ஹால்ல மாலை போட்டு ஒரு போட்டோ. மூக்குத்தி போட்ட அம்மா, சிரிப்ப அடக்கிக்கினு நிக்கிறாங்க. அதுக்குக் கீழ நம்ம சினிச்சாரல் கடிகாரம். ஓடிக்கினு இருக்கு.

சாரோட பொண்ணுகிட்ட யாருன்னு கேட்டேன்.

"எங்கம்மா தான்க்கா. கோமதி. நான் பத்தாவது படிக்கும்போதே போயிட்டாங்க. டிவில எவன் வந்தாலும் அப்பாகிட்ட, இவனுக்கு சொந்த முடியாங்கன்னு கேட்டுக்கினே இருப்பாங்க."

எனக்குத் தெரியாது வரதன் சார். சத்தியமா தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ல உக்காந்து போன வாரக் கேள்விய எடுத்துப் பாத்தேன்.

"கே: சித்தப்பா, ஞாயித்துக்கிழமை ஆரணி பக்கம் வரலாம்னு இருக்கேன். ஒரு டீ கெடைக்குமா? - கோமதி, கடம்பத்தூர்."

வெளையாட்டுன்னு விட்டுட்டேன். தன் பேர்ல எதையுமே கேக்கத் தெரியாத மனுஷன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை நான் ஆரணியில ஊட்ல தான் சார் இருந்தேன். காலையிலர்ந்து ஒரு ஆள்கிட்ட கூட பேசல. எனக்கு மட்டும் டீ போட்டுக் குடிச்சேன்.

லேட்டு தான். இருந்தாலும் அவரு நம்பருக்கு இப்ப தான் அனுப்பினேன். ரெண்டே வரி.

"ப: கெடைக்கும் கோமதி.
வரும்போது வரதன் சாரையும் கூட்டிக்கினு வா."