ஆணியில் தொங்கிய பேட்ஜ்

கதிர்வீச்சோடு வேலை செய்கிற இடங்களுக்குப் போய், பாதுகாப்பு விதிகளின்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிற அரசு வேலை எனக்கு. அணுமின் நிலையத்திலிருந்து, குழாய்ப் பற்றவைப்பில் கீறல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் எடுத்துப் பார்க்கிற சின்னக் கம்பெனி வரைக்கும் எங்கள் பார்வைக்குள் வரும். திருச்சுழிப் பக்கம் யாராவது கேட்டால், "செக் பண்ற வேலை" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. பருத்திக் காட்டில் கூலிக்குப் போன வீட்டுப் பெண் கவர்மெண்டு வேலையில் இருக்கிறாள் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

போன வருடம் என்னை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பல நாடுகளிலிருந்து என்னைப் போன்ற அதிகாரிகள் வந்திருந்தார்கள். சோதனைக்குப் போகிற அதிகாரி எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் பாடம். கடைசி வாரம் ஒவ்வொருவரும் தங்கள் நாட்டில் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று பேச வேண்டியிருந்தது.

கதிர்வீச்சு வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். அவர் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பது அதில் பதியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளந்து பார்ப்பார்கள். அளவு கூடியிருந்தால் விசாரணை நடக்கும். அந்த ஆளை அந்த வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். நான் ஒரு கம்பெனியின் பதிவை, பெயரை மறைத்துவிட்டு, முன்மாதிரியாகக் காட்டினேன். அங்கே ஒருவருக்குக்கூட அளவு ஏறவில்லை. என் வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அதிகாரி மட்டும் எழுந்து கேட்டார். "அந்த பேட்ஜ் மூன்று மாதமும் அந்த மனிதரின் நெஞ்சில்தான் இருந்தது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்களிடம் கையெழுத்து வாங்குகிறோம்" என்றேன்.

"நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்களா?"

"அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை. பதிவு அவ்வளவு சுத்தமாக இருந்தது."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. தேநீர் இடைவேளையில் பக்கத்திலிருந்தவரிடம், அவருடைய நாட்டு நிலைமை அப்படி, அதனால் எங்கேயும் திருட்டுத்தனத்தைத் தேடுகிறார் என்று சொன்னேன். இப்போது இதை எழுதும்போது கூசுகிறது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், அக்காவைப் பார்க்கத் திருச்சுழிக்குப் போனேன். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி இறங்கும்போது உச்சி வெயில். அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அக்காவின் கணவரான அவருக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய கட்டுமானத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். வெல்டிங் என்று அக்கா சொல்லியிருந்தாள். நானும் விசாரித்துக்கொண்டதில்லை.

செல்போனைச் சார்ஜில் போட ப்ளக்கைத் தேடினேன். டிவிக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், வீட்டுச் சாவியோடு ஒரு பேட்ஜ் தொங்கியது.

சோதனைக்குப் போகும்போது நானும் ஒன்று குத்திக்கொள்வதால், முதலில் அது என் கைப்பையிலிருந்து விழுந்ததை யாரோ எடுத்து மாட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தேன். இந்த மூன்று மாதத்துக்கு உரிய அட்டை. ஓரத்தில் கம்பெனியின் எண் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணை எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். நான் உலகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டிய கம்பெனியின் எண் அது.

"ஏன்டி அதத் தொடுற?" என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்தாள். "தொலைஞ்சா கம்பெனில ஏசுவாகளாம். ஆணியிலயே கிடக்கட்டும்."

"மச்சான் வேலைக்குப் போகையில இத மாட்டிட்டுப் போறதில்லையாக்கா?"

"மாட்டிட்டுப் போனா அளவு கூடிரும்ல. கூடுச்சுன்னா ஆள நிப்பாட்டிருவாகளாம். கம்பெனிக்காரவுகளே வீட்ல வச்சுக்கங்கன்னுட்டாக. மூணு மாசத்துக்கு ஒருக்க வாங்கிக்கிட்டு வேற குடுப்பாக."

ஊரில் மழை இல்லை என்று சொல்வது போல அவள் இதைச் சொன்னாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.  பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு, அவள் மச்சானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்கு இப்பக் கையிலதான் என்னமோ கோளாறு. ரேஷன் கடை மெஷின்ல ரேகையே விழ மாட்டேங்குது. நாந்தான் போயி விரல வைக்கிறேன்."

"எந்த விரலுக்கா?"

"வலது கையி. சிமிண்டு அரிச்சிருக்கும்கிறாக."

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் மச்சான் வந்தார். "எப்ப வந்த தாயி? வெளிநாட்டுக்கெல்லாம் போயிட்டு வந்துட்ட" என்று சிரித்தார். நான் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். கட்டைவிரல், ஆட்காட்டி விரல் இரண்டின் நுனியும் வழவழவென்று, மெழுகு பூசியது போல இருந்தன. நகத்தில் கோடு கோடாக வெடிப்பு. கதிர்வீச்சு பட்ட இப்படிப்பட்ட விரல்களைப் பயிற்சி வகுப்பில் படமாகப் பார்த்திருக்கிறேன்.

"மச்சான், நீங்க வெல்டிங்கா பாக்குறீக?"

"படம் எடுக்குற வேலை. வெல்டிங்குல கோளாறு இருக்கான்னு பாக்குறது. உங்க அக்காளுக்கு அதெல்லாம் சொன்னா விளங்காது."

படம் எடுக்கிற கருவிக்குள் ஒரு சின்னக் கதிரியக்கத் துண்டு இருக்கும். படம் எடுக்கும்போது அது குழாய் வழியாக வெளியே வந்து, முடிந்ததும் திரும்ப உள்ளே போக வேண்டும். "அது எப்பவாவது சிக்கியிருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு தடவ. சிக்குனா குழாயக் கையில பிடிச்சு உதறி விடுவோம். உள்ள போயிரும்."

"கையிலயா?"

"பின்ன என்ன செய்ய? ஆபீசுக்கு எழுதிக் கேட்டு, அவுக வாரதுக்குள்ள வேல நின்னுரும்."

நான் அழுதேன். அவர் பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டார். பாடத்தில் படித்ததை அந்த வீட்டுக்குள் என்ன வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை அவரை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தத்தை எடுத்து, உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கும் என்று கணக்கிடுகிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தப்பட்டவர் என் அக்கா கணவர், அதனால் விசாரணைக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன்.  "அந்தக் கம்பெனியின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அலுவலகத்துக்குப் போனதும் அந்தக் கோப்பை எடுத்தேன். மூன்றாவது பக்கத்தில் பணியாளர் பட்டியல் இருந்தது. அதில் மச்சானின் பெயர், தகப்பன் பெயர், ஊர் திருச்சுழி என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதே பக்கத்தின் கீழே என் கையெழுத்து. நான் எண்களைத்தான் பார்த்திருக்கிறேன். எதிரே இருந்த பெயரைப் பார்க்கவே இல்லை. 

என் சக அதிகாரிகள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் அந்த இடத்துக்குப் போனார்கள். மதிய வேலை நடந்துகொண்டிருந்தது. யார் நெஞ்சிலும் பேட்ஜ் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போகாதவர்களுடைய பேட்ஜ்கள் எல்லாம் அலுவலக அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன. கம்பெனியின் வேலையை அன்றே நிறுத்தினார்கள். பிறகு உரிமமும் போயிற்று.

வேலை நின்ற அன்று அக்கா போன் செய்தாள். "நீதான எழுதிவிட்ட?"

"ஆமாக்கா."

"சொந்த அக்கா வீட்டுக்கு வந்து ஆணியில கெடந்தத எடுத்துட்டுப் போயிருக்க." வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வரம்பைத் தாண்டியிருந்தது. உடனே உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும், இனி இந்த வேலையே கூடாது என்றார்கள். ஆட்காட்டி விரல் நுனியில் புண் வைத்து ஆறாமல், ஒரு கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆபரேஷன் அன்று அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை என்னிடம் கேட்டாள். "சிமிண்டுன்னு தேங்கா எண்ணெயத் தடவிக்கிட்டே இருந்தேனேடி" என்றாள். 

அடுத்த பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேட்ஜ் ஆணியில் தொங்கியதையும், மூன்றாவது பக்கத்தையும் அப்படியே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. முடிந்த பிறகு வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, தங்கள் ஊரிலும் இது உண்டு என்றார்கள். 

மச்சான் இப்போது அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன மாதம் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை அவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். மற்றவர்கள் இறங்கிய பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நாலு பேரு ஊரோட இருக்காக. வீரசோழன் ஊர்க்காரவுக ரெண்டு பேரு வடக்க ஒரு கம்பெனில சேந்துட்டாக தாயி. அதே வேலதான்."

"அங்க பேட்ஜ் போடுறாகளா?"

"கேக்கல."

"அவுகளுக்கு நடந்தது தெரியும்ல மச்சான்? உங்க விரலப் பாத்தாகள்ல?"

"பாத்தாக. வேற வேல இல்லையில தாயி."

 கருவேலங்காட்டு வழியாக ஆட்டோ கொஞ்ச தூரம் போனது. பிறகு அந்த இரண்டு பேருடைய நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார்.