நனைக்காத மேகம்

ஏரியூரைத் தாண்டிக் காட்டோரமாகப் போகும் மினிபஸ் திரும்புகிற கடைசி ஊர் கருங்கல்மடுவு. அங்கே போய் எழிலரசி வீடு எது என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். "பாறை மேல உக்காந்திருக்குமே, அந்தப் பொம்பளையா?" என்று கேட்டுவிட்டு, அதன்பிறகுதான் கை காட்டுவார்கள்.

அவள் கடத்தூரில் பிறந்தவள். காளியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த புதிதில் காட்டைக் கண்டாலே அவளுக்குப் பயம். காளியப்பனோ காட்டில் ஆடு மேய்த்தே வளர்ந்தவன். கோடை வந்தால் வனத்துறை தற்காலிகமாக எடுக்கும் தீக்காவல் வேலைக்கும் போவான். ஆந்தைப்பாறை உச்சியில் உட்கார்ந்து, எங்காவது புகை எழுந்தால் போனில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு கோடையில் அவனே புகைக்குள் இறங்கினான். பள்ளத்தில் சிக்கிய யாருடைய குட்டிகளையோ ஓட்டிவரப் போனவன் மேலே வரவில்லை. கண்டெடுத்தபோது உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. தலைமயிர்கூடக் கருகவில்லை. ஒருக்களித்துத் தூங்குகிறவன் போலக் கிடந்தான். மூக்கைச் சுற்றி மட்டும் மை தடவியது போன்ற கறுப்பு.

அடுத்த கோடைக்கு ஆள் தேடியபோது எழிலரசி போய் நின்றாள். மகள் பாரதி அதற்குள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

"ஒத்தையில அங்க இருப்பியாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வூட்டுலயும் ஒத்தையிலதாங்க இருக்கறேன்" என்றாள்.

பாறையில் அவளுக்கு இன்னொரு சின்ன வேலையும் சேர்ந்தது. பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் கலைமதி என்ற பெண் வந்து அங்கே ஒரு தகரப் பெட்டியை நட்டுவிட்டுப் போனாள். சோலார் தகட்டில் ஓடும் சின்ன பம்பு ஒன்று உள்ளே முனகிக்கொண்டே காற்றை இழுக்கும். இழுத்த காற்று வட்டமான வெள்ளைத் தாள் ஒன்றின் வழியே போகும். வாரம் ஒருமுறை தாளை மாற்றி, பழையதை டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

நல்ல நாட்களில் தாள் லேசான தேன் நிறத்தில் இருக்கும். மகரந்தமும் மண்ணும் மரங்கள் விடும் வாசனையும் அதில் சேர்ந்திருக்கின்றன என்றாள் கலைமதி. வாசனை காற்றில் கலந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகிவிடுமாம்.

"துகள் இல்லாம மேகமே இல்லைக்கா. ஒவ்வொரு மழைத் துளியும் ஒரு பொடியைச் சுத்தித்தான் உருவாகுது. காடு தனக்கு வேண்டிய மழைக்குத் தானே பொடி விடுது."

"புகையும் பொடிதானே மேடம்? அப்ப புகை வந்தா மழை அதிகமா வரணும்."

"அளவுக்கு மீறிப் போச்சுன்னா வராதுக்கா. இருக்கற தண்ணியை அத்தனை பொடியும் பங்கு போட்டுக்கும். ஒவ்வொண்ணுக்கும் துளியூண்டுதான் கிடைக்கும். விழற அளவுக்குக் கனம் இருக்காது. மேகம் அப்படியே நிக்கும்."

நிற்கிற மேகம் எப்படி இருக்கும் என்று எழிலரசி அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு ஆற்றுக்கு அப்பால் கர்நாடகப் பக்கத்து மலைகள் நாள்கணக்கில் எரிந்தன. இங்கிருந்து தீ தெரியவில்லை. காலையில் எழுந்தால் வானத்தின் ஓரம் பழுப்பாக இருக்கும். உச்சிவெயிலில் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. பெட்டியில் இருந்த தாள் கறுத்தது. மாற்றினாள். அதுவும் கறுத்தது.

சித்திரையில் மேகம் வந்தது. ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. பகல் சாய்ந்ததும் கும்பலாகத் திரண்டு மலைமேல் உட்கார்ந்துகொள்ளும். பால் போன்ற வெண்மை. இடி இல்லை, காற்றில்லை. பொழுது போனதும் கலைந்துவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து உட்காரும்.

எழிலரசி அதற்குள்ளேயே இருந்தாள். மேகம் பாறையை மூடும்போது தன் கையைத் தானே பார்க்க முடியாது. மேகத்துக்குள் இருந்தால் முகம் நனையும், புடவை ஈரமாகும். அதுவரை அவள் கண்டது அப்படித்தான். இது நனைக்கவில்லை. கன்னத்தைத் தொட்டால் வறண்டிருந்தது. உதட்டை நக்கினால் சாம்பல் கசந்தது. பறவைகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. பெட்டியின் முனகல் மட்டும் ஒரு சமயம் இடப்பக்கமும் இன்னொரு சமயம் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது.

ஒரு பிற்பகல் அந்த வெண்மைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

அடுத்தடுத்து இரண்டு தரம். சற்று இடைவெளி விட்டு மூன்றாவது. பீடி குடித்துவிட்டுப் படுக்கும் நாட்களில் காளியப்பன் அப்படித்தான் இருமுவான்.

"யாருங்க அங்க?" என்றாள். கீழேயிருந்து மறுபடியும் இருமல் வந்தது. கம்பால் தரையைத் தட்டித் தட்டி இறங்கினாள். பயந்தாளா என்று பின்னால் பலர் கேட்டார்கள். "பயப்படறதுக்கு முன்னாடியே கால் நடந்துருச்சுங்க" என்பாள்.

இருமல் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். காளியப்பன் கிடந்த அதே பள்ளம். அவள் காலடியில் ஒரு பட்ட மரத்தின் வேர், மண்ணுக்குள் கனன்றுகொண்டிருந்தது. மேலே தழல் இல்லை. மண்ணின் பிளவு வழியே நூல் நூலாகப் புகை கசிந்தது. இன்னும் ஒரு காற்று அடித்திருந்தால் சருகு பற்றி, ஊர்ப்பக்கச் சரிவு முழுவதும் போயிருக்கும். கையால் மண்ணை வாரி வாரிப் போட்டு மூடினாள். நகங்கள் கிழிந்தன. புகை அடங்கிய பிறகு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். இருமல் மறுபடி கேட்கவில்லை.

கலைமதியிடம் போனில் சொன்னபோது அவள், "உள்ளுக்குள்ள எரியற மரம் சில நேரம் வெடிச்சு அப்படிச் சத்தம் போடும்க்கா" என்றாள்.

"இருக்குமுங்க" என்றாள் எழிலரசி.

மறுநாள் மேகம் வேறு மாதிரி இருந்தது. மலைமேல் உட்காரவில்லை. எழுந்து நின்றது. அடி கறுத்து, மேலே மேலே கோபுரம் கோபுரமாக ஏறிக்கொண்டே போனது. கலைமதியே கூப்பிட்டாள். குரலில் அவசரம்.

"சாட்டிலைட் படம் பாத்தேன்க்கா. கீழயே பெய்ய வேண்டிய தண்ணி பெய்யாம, மொத்தமும் மேல போயி உறைஞ்சுட்டு இருக்கு. இன்னிக்கு உடைஞ்சா கல்லாத்தான் விழும். வெட்டவெளியில யாரும் நிக்க வேணாம். நீங்களும் இறங்கிடுங்க."

எழிலரசி ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். ஊரை நெருங்கும்போதே ஒப்பாரி கேட்டது. சாவு விழுந்த வீட்டு அழுகை. யார் என்று தெரியாமல் நடையை எட்டிப் போட்டாள்.

ஏரிக்கரைப் பொட்டலில் ஊர் கூடியிருந்தது. மழை வேண்டிக் கொடும்பாவி கட்டியிருந்தார்கள். வைக்கோலில் ஆள் உயரத்துக்குப் பொம்மை செய்து, தெருத்தெருவாக இழுத்து வந்திருந்தார்கள். பெண்கள் தலைமயிரை அவிழ்த்துவிட்டு அதைச் சுற்றி மாரடித்தார்கள். காளியப்பனின் அண்ணன் தர்மன் கையில் பந்தத்தோடு நின்றான்.

பொம்மை காக்கிச் சட்டை போட்டிருந்தது. மார்புப் பையில் நீல நூலால் தைத்த ஒட்டு. அந்த ஒட்டுப் போட்டது அவள்தான். நீல நூல்தான் அன்றைக்கு வீட்டில் இருந்தது.

"மாமா, அது அவரு சட்டை."

தர்மன் அவளைப் பார்க்கவில்லை. "எங்க வூட்டுப் பரண்ல நீதான் போட்டு வெச்சிருந்த. புகையில செத்தவன் சட்டை போட்டுக் கொளுத்தினா மேகம் எறங்கும்னாங்க. ஊருக்காகத்தான் புள்ள."

"மேல பாருங்க. கல்மழை வரப்போவுது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள போங்க."

"மழை வந்தா வரட்டும். அதுக்குத்தானே கூடியிருக்கறோம்" என்று யாரோ சொன்னார்கள். ஒப்பாரி மறுபடி எழுந்தது. தர்மன் பந்தத்தைத் தாழ்த்தினான்.

அடுத்து அவள் செய்ததை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பொம்மையின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். வைக்கோல் தலை அவள் தோளில் ஆடியது. கால்கள் தரையில் இழுபட்டன. ஒரு கணம் எல்லோரும் திகைத்து நின்றார்கள். பிறகு "புடிங்க அவளை" என்று கூட்டமே துரத்திக்கொண்டு வந்தது. வராண்டா தாண்டி வகுப்பறைக்குள் அவள் நுழைய, பின்னால் அத்தனை பேரும் முண்டியடித்து நுழைந்தார்கள்.

யாரோ அவள் முடியைப் பற்றிய நேரத்தில் கூரை ஓடு உடைந்தது.

முதல் கல் எலுமிச்சை அளவு இருந்தது. அதன்பிறகு எண்ண முடியாதபடி விழுந்தது. வெளியே பொட்டல் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. மின்னல் நிற்காமல் அடித்ததில் எல்லோர் முகமும் நீலமாகத் தெரிந்தது. அணைந்த பந்தத்தோடு பின்தங்கிய தர்மன் மட்டும் பொட்டலில் தலையைக் கையால் மூடிக்கொண்டு விழுந்து கிடந்தான். எழிலரசி ஒரு பெஞ்சுப் பலகையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு போய், அவன் காலைப் பற்றி இழுத்து வந்தாள். மண்டை பிளந்திருந்தது. உயிர் இருந்தது.

கல்மழை நின்றபோது சத்தமே இல்லை. பொட்டலில் கட்டியிருந்த மாடுகள் இரண்டு செத்துக் கிடந்தன. மாந்தோப்புகளில் காயும் இலையும் தரையில் மெத்தை போட்டிருந்தன. மனிதர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள். அவள் முடியைப் பிடித்திருந்த கை எப்போது விட்டதென்று அவளுக்கே தெரியவில்லை.

"ஊரைக் காப்பாத்தத் தூக்கினீங்களா, சட்டைக்காகத் தூக்கினீங்களா?" என்று கலைமதி பிற்பாடு கேட்டாள்.

"தெரியலீங்க மேடம். தூக்கும்போது அவரு கனம்தான் இருந்துச்சு" என்றாள்.

அன்று மாலை வாசலில் கிடந்த ஒரு பெரிய கல்லை எழிலரசி பீங்கான் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருகி முடிந்ததும் தட்டின் நடுவில் ஒரு சிட்டிகை கரி மிஞ்சியது. எங்கோ எரிந்த எவ்வளவோ மரம், புல், கூடு, இன்னும் என்னென்னவோ. விரலால் தொட்டாள். அதைக் கொட்ட மனம் வரவில்லை. கொல்லையில் முருங்கைக்குக் கீழே, தண்ணீரோடு சேர்த்து ஊற்றினாள்.

அதன்பின் சாதாரண மழை பெய்தது. தூறலாகத் தொடங்கி, இரவெல்லாம் ஒரே சீராகப் பெய்தது. பெட்டியில் தாள் மறுபடி தேன் நிறமானது. தர்மன் தருமபுரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டுத் திரும்பினான். ஒரு காது கேட்காமல் போய்விட்டது. தம்பி மனைவி வீட்டு வாசலுக்கு ஒருநாள் வந்து நின்றான். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

ஊர் அவளிடம் கொஞ்சம் மாறித்தான் போனது. கடையில் வழி விடுகிறார்கள். நின்று பேசுவதில்லை. பிற்பகலில் மேகம் கூடினால் மட்டும் யாராவது ஒருத்தி மெல்ல வந்து, "இது பெய்யுமா எழிலு?" என்று கேட்பாள்.

"எனக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கையை வெளியே நீட்டுவாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, கொடியில் கிடக்கும் துணியை எடுக்கத் தொடங்குவாள். சில நாள் எடுக்காமலும் விட்டுவிடுவாள்.