நட்சத்திரக் கோடு

"முடிஞ்சுதா?"

கணிப்பொறி அறைக்குள் எட்டிப் பார்க்கிற எல்லோரும் கேட்பது இதைத்தான். கங்காதரனிடம் இதற்குப் பதில் இருந்ததே இல்லை. கல்பாக்கம் நகரியத்தில் இருந்த அந்தக் குளிர்ந்த அறையில் இரும்பு அலமாரிகளை வரிசையாக அடுக்கியது போல இயந்திரம் நின்றது. துளையிட்ட அட்டைகளை ஊட்டிவிட்டால், கணக்கு முடிகிறவரை அது வாய் திறக்காது. ஓடுகிறதா, சிக்கிக்கொண்டு நிற்கிறதா என்றுகூட வெளியே தெரியாது.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கணக்கை ஏற்றியவனேதான் இறக்க வேண்டும். வேறொருவர் வந்து உட்கார்ந்தாலொழிய, எத்தனை நேரமானாலும் அவன் எழுந்து போகக் கூடாது. இந்த வழக்கத்தால் கங்காதரனின் கல்யாணப் பேச்சு இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

அவன் மெய்யூர்க்குப்பத்துக்காரன். கரைவலைக் கயிறு இழுத்துக் காய்த்த கையோடு செங்கல்பட்டுக்குப் போய்த் தட்டச்சு தேறி, அட்டை துளையிடும் வேலையில் சேர்ந்து, ஆபரேட்டராக உயர்ந்தவன். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் போர்ட்ரான் மொழியை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் கொட்டாவி விடுவதற்குப் பதிலாகக் கையேட்டைப் படித்தான். புரியாத பக்கத்தைப் புரிகிறவரை விடமாட்டான்.

பெண், தேவனேரிக் குப்பத்து இருசப்பனின் மகள் கன்னியம்மா. மீன்கூடையை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரை வாயாலேயே மடக்கி, கூடையோடு பஸ்ஸில் ஏறியவளை ஒருநாள் மாமல்லபுரத்தில் பார்த்தான். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான். ஆனால் முறைப்படி பெண் பார்க்கக் குறித்த இரண்டு வெள்ளிக்கிழமையும் இயந்திரம் அவனை விடவில்லை. இருசப்பன் கடைசியாகச் சொல்லியனுப்பினார்: "வர்ற வெள்ளிக்கியம வெளக்கு வைக்கறதுக்குள்ள மாப்ள வந்தா ஆச்சு. இல்லாங்காட்டி கோவளத்துக்காரனுக்குத் தட்டு மாத்திடுவேன்."

இந்தமுறை கங்காதரன் சும்மா இருக்கவில்லை. தட்டச்சு இயந்திரம் போலிருந்த முனையத்தில், வரி மாறாமல் ஒரே ஓர் எழுத்தை மட்டும் அடிக்கவைக்கும் வழியைக் கையேட்டின் பின்பக்கத்தில் கண்டுபிடித்தான். நாலைந்து அட்டைகளில் அதை எழுதினான். முதலில் தாளின் குறுக்கே அளவுகோல் போல ஒரு வரிசைப் புள்ளிகள். கணக்கு இத்தனை சுற்று நடந்தால் அடுத்த வரியில் ஒரு நட்சத்திரம். புள்ளிகளுக்குக் கீழே நட்சத்திரங்கள் கடைசிவரை நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கோதண்டராமன் சாரின் கணக்கு வந்தது. அவர் விஞ்ஞானி; நாள் முழுக்க ஓடும் அவர் கணக்கு என்றாலே மற்ற ஆபரேட்டர்கள் ஓடி ஒளிவார்கள். கங்காதரன் அவரிடம் அனுமதி வாங்கி, தன் அட்டைகளையும் செருகி ஓட்டினான். டக் என்று முதல் நட்சத்திரம் விழுந்தது. அடுத்த அறையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். கோதண்டராமன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

மதியச் சாப்பாட்டு வேளைக்குள் கோடு பாதியைத் தாண்டிவிட்டது. கங்காதரன் மனம் குளிர்ந்துபோய், மாமல்லபுரம் போகிற பஸ் டிரைவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொல்லியனுப்பினான்: "நாலு மணி பஸ்ல வந்துகினே கீறேன்னு இருசப்பன் அண்ணாத்தகிட்ட சொல்லிடு."

உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நட்சத்திரங்கள் தளர்ந்துபோயிருந்தன. டக் என்று ஒன்று விழும். அடுத்தது விழுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். முக்கால் கோடு தாண்டிய பிறகு நத்தையாக ஊர்ந்தது. நாலு மணி பஸ் கிளம்பும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டபோதும் ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு வெறுமையாகவே கிடந்தது.

உடன் வேலை பார்க்கும் ஞானதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், உன் நட்சத்திரத்துக்குக் கால் வலிக்குதா?"

"ஞானம், எனுக்கோசரம் கொஞ்ச நேரம் உக்காரேன்."

"போன மாசமும் கொஞ்ச நேரம்னுதான் சொன்ன. சோறு ஆறிப்போய் வூட்டுக்காரி மூஞ்சியும் மாறிப்போச்சு. இன்னிக்கி ஆறு மணிக்குக் கோயில்ல பாட்டுப் பழக்கம். நான் போகாங்காட்டி ஆர்மோனியத்த யார் தொடறது? எப்ப முடியும்னு சொல்லு, உக்கார்றேன். தெரியாததுக்கு என்னால உக்கார முடியாது."

கங்காதரன் கோட்டையே பார்த்தான். கரைவலையில் முதலில் வருவது வெறும் கயிறு. பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்துவிடலாம். வலை வர வரத்தான் கனக்கும். இந்தக் கணக்கும் அப்படித்தான்: ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுகளின் விடைகளையெல்லாம் சுமந்துகொண்டு போகிறது. அவனோ எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே எடை வைத்திருந்தான். பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டான். பாதிக் கோடு என்பது கால்பங்கு வேலைதான். சுற்றின் எடை சீராக ஏறுகிறதென்றால், மிச்சம் எவ்வளவு என்றும் சொல்லிவிடலாம்.

"அஞ்சரைக்கு முடியும்."

"எவன் நம்புவான்?"

"நம்பாத. பாரு." கங்காதரன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். "பெரிய முள்ளு மூணைத் தொடும்போது அடுத்த நட்சத்திரம் வுழும்."

முள் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஞானதாஸ் வாயைத் திறப்பதற்குள் டக்.

"இது குருட்டாம்போக்கு. இன்னொன்னு சொல்லு."

அடுத்ததையும் சொன்னான். இந்தத் தடவை முள் தொட்டபோதே நட்சத்திரமும் விழுந்தது. ஞானதாஸ் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"போய்த் தொலை. பஸ்ஸுதான் போயிட்ச்சே, நீந்திகினு போவியா?"

பின்னால் நின்றிருந்த கோதண்டராமன் பென்சில் கணக்கை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அஞ்சரை வரைக்கும் எனக்கும் இங்க வேலை இல்ல. உன்னை விட்டுட்டுத் திரும்பி வந்துடலாம். வண்டில ஏறுப்பா."

அவருடைய ஸ்கூட்டர் தேவனேரி மணலில் புதைந்து நின்றபோது கடலின் மேல் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. நாலு மணி பஸ்ஸை எதிர்கொள்ளப் போய் வெறுங்கையோடு திரும்பிய இருசப்பன் வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்தார். கங்காதரனின் அம்மா ஆதியம்மாள், பூவும் பழமும் வைத்த தட்டை யாரோ பிடுங்க வருகிறார்கள் என்பது போல மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா நைனா! இன்னும் சித்த நேரம் போயிருந்தா இந்தப் பழத்த நானே தின்னுருப்பேன்."

இருசப்பன் விடவில்லை. "நாலு மணின்னு சொல்லியனுப்பினியே, இன்னா ஆச்சு?"

"தப்பா கணக்குப் போட்டுட்டேன், மாமா. அப்பால சரியா போட்டேன்."

"மாமா" என்றதில் அவர் கொஞ்சம் இளகினார். உள்ளேயிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

"நைனா, இன்னிக்காவது அந்த மிசினு அவுரை வுட்டுச்சான்னு கேளு. நடுவுல எந்திரிச்சு ஓடற மாப்ள எனுக்கு வேணாம்."

"ஓடமாட்டேன்" என்றான் கங்காதரன். "ஞானதாஸ் உக்காந்துகினு கீறான்."

ஞானதாஸ் யாரென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கன்னியம்மா தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்து, அவனை நேராகவே பார்த்து, "குடி" என்றாள். ஆதியம்மாள் எழுந்து தட்டை இருசப்பனிடம் நீட்டினாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.