இழுத்துப் பார்த்த முகம்

பத்திரிகையில் பக்கம் வடிவமைத்த காலத்திலேயே எனக்குச் செய்தியைவிட அதன் பின்னால் இருக்கும் வெற்றிடத்தின் மேல்தான் கண். இப்போது வீட்டில் செய்வதும் அதுதான். பனியன் வேஸ்ட் துணியில் வெள்ளை பெயின்ட் அடித்து, ஜெராக்ஸ் படங்களை அதில் இறக்கி, மேலே நீர்த்த வண்ணம் பூசிப் பின்னணிகள் செய்கிறேன். முன்னால் எதையும் வரைவதில்லை.

மொட்டை மாடியில் அவை காய்வதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுப் பெண் ஒரு கல்யாண போட்டோவோடு வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை. போட்டோவின் ஓரத்தில் அவள் அம்மா, பாதி திரும்பிய முகத்தோடு.

"இவள மட்டும் துணியில எறக்கித் தாங்கக்கா. ஞாயித்துக்கிழம வருஷ ஜெபம். தம்பி வாரான்."

போன வருஷம் அம்மா இறந்தபோது அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். தம்பி காத்திருக்கவில்லை. அவன் வரும்போது அம்மா முகம் சுவரில் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முகத்தைப் பெரிதாக்கி, இடவலம் மாற்றி லேசர் பிரின்ட் எடுத்தேன். துணியில் பசை தடவி, படத்தைக் குப்புற ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டேன். ஞாயிறு காலையில் காகிதத்தை நனைத்து விரலால் தேய்த்தேன். காகிதம் திரிதிரியாக உருண்டு வந்தது. மை மட்டும் துணியில் நின்றது. முதலில் தெரிந்தது மூக்குத்தி.

வழக்கமாகத் துணியைப் பலகையில் ஒட்டிய பிறகுதான் படம் இறக்குவேன். இவள் ஓரம் தைக்க வேண்டும் என்றதால் ஒட்டாமலே கையில் கொடுத்தேன்.

வாங்கியவள் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். இரண்டு கையாலும் அகலவாக்கில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஓட்டை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பனியன் துணியை இழுத்துப் பார்க்கிற கை. துணி விரிந்தது, மை விரியவில்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"ஐயோ, என்னக்கா இப்படி ஆயிட்டு!"

"உடு கண்ணு. கோட்டுக்குள்ள கொஞ்சம் பெயின்ட் உட்டா தெரியாதுங்."

"வேண்டாம்க்கா. அப்புறம் அது நீங்க வரைஞ்ச மொகமாப் போயிரும்."

இன்னொன்று இறக்கிக் காயவைக்க நேரமில்லை. முகத்தைத் தொடாமல் சுற்றிலும் சாம்பல் நிறத்தை இரண்டு முறை பூசித் துடைத்தேன். கோடுகள் மறையவில்லை. கண்கள் மட்டும் சற்று முன்னால் வந்தன.

சாயங்காலம் ஜெபத்துக்கு நானும் போனேன். தம்பி செருப்பைக் கழற்றியவன் வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தான்.

"மொகத்துல என்னக்கா கோடு?"

"நாந்தான் இழுத்துப் பாத்துட்டேன், கம்பெனித் துணின்னு நெனச்சு."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிட்டே போய்த் துணியின் ஓரத்தைத் தொட்டான்.

"கிழியலல்லா?"

"கிழியல."

"அன்னைக்கு நான் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம்க்கா" என்றான், படத்தைப் பார்த்தபடியே.

அவள் மெழுகுவர்த்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.