அக்காவின் கணித வகுப்பு

என் அக்காவின் படிப்பை ஒரு பொய் சொல்லிக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதினைந்து வயது, அவளுக்குப் பதினாறு.

யாழ்ப்பாணத்தில் அக்கா படித்த பெண்கள் பள்ளியில் உயர்தர வகுப்புக்குக் கணிதப் பிரிவு இல்லை. பொறியியல் படிக்க விரும்பும் பெண் ஆண்கள் கல்லூரிக்குத்தான் வரவேண்டும். அக்கா வந்தாள். அது நான் படித்த கல்லூரி. அதன்பிறகு ஆசிரியர்கள் என் பெயரை மறந்தார்கள். நான் அவளின் தம்பி ஆனேன். ஒருநாள் எங்கள் வகுப்பில் யாருக்கும் வராத கணக்கைச் செய்துகாட்ட, கணித வாத்தியார் மேல்வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டார். வந்தாள், செய்தாள், கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வகுப்பும் சிரித்தது.

அன்று மாலை எங்களைப் பெற்ற ஐயாவிடம், அக்காவைப் பற்றிக் கல்லூரிப் பொடியள் ஒருமாதிரிக் கதைக்கிறார்கள் என்றேன். உண்மையில் ஒருவரும் அப்படிக் கதைக்கவில்லை. ஐயா எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பேச்சுப் பெருகும் என்று நினைக்கிறவர். அடுத்த கிழமை அக்கா பழைய பள்ளியில், கலைப் பிரிவில் இருந்தாள். அழுதாள், வாதாடினாள், சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். ஐயா கடைசிவரை காரணம் சொல்லவில்லை.

ஒரு பள்ளித் தவணை போனால் அவள் திரும்பி வந்துவிடுவாள், அதற்குள் என் பெயர் எனக்குக் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். விட்ட பிரிவுக்குள் மறுபடி நுழைய விடமாட்டார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

நான் பொறியியலாளன் ஆனேன். அக்கா தபால் கந்தோரில் வேலை பார்த்தாள். யுத்தம் எங்களை நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கொண்டுவந்து சேர்த்தது. நான் சான்ட்ரிங்ஹாமில் இருக்கிறேன். அவள் ஏவன்டேலில், மகள் வீட்டில்.

போன வருடம் அவளுடைய பேத்தி பள்ளியின் கடைசி வருடத்துக்குப் பாடங்களைத் தெரிவுசெய்யவேண்டியிருந்தது. பிள்ளைக்குப் பொறியியலில் ஆசை, கல்குலஸ் கணக்கில் பயம். அதைவிட லேசான ஸ்டட்டிஸ்டிக்ஸ் எடுத்தால் புள்ளி கூடும் என்றார் தகப்பன். படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கல்குலஸ் இல்லாமல் பொறியியலுக்கு எடுக்கமாட்டார்கள் என்று நான் சொல்லி முடிக்குமுன் அக்கா எழுந்துவிட்டாள்.

"லேசானதை எடுத்துப்போட்டுப் பிறகு வாசல்லை நிக்கப் போறியோ? பயமெண்டால் பயத்தோடை எடு."

"ஓகே, ஓகே, அம்மம்மா," என்று பிள்ளை மடிக்கணினியைத் திறந்தாள்.

அக்கா அடுப்படிக்குப் போனாள். பின்னால் போய், அவள் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது, அன்று ஐயாவிடம் சொன்ன பொய்யைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது.

"ஏனடா?"

"நீ அண்டைக்கு எங்கடை வகுப்பிலை கணக்குச் செய்தனி. எனக்கு வெக்கமாப் போச்சு."

"அவ்வளவுதானோ?"

ஓம் என்றேன். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். மிச்சப் பயற்றங்காயை வெட்டி முடித்தாள். சனிக்கிழமைதோறும் வந்து பிள்ளைக்குக் கல்குலஸ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

"அவளுக்குப் பள்ளிக்கூடத்திலை ஆக்கள் இருக்கினம். எனக்குப் படிப்பி."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை மேசையில் பென்சில் சீவி வைத்திருந்தாள்.

இப்போது கல்குலஸின் முதல் பகுதியான வகையீட்டில் நிற்கிறோம். போன கிழமை படித்தது இந்தக் கிழமை மறந்துபோகிறது. திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறாள். பக்கத்தில் பேத்தி தன் பாடத்தைச் செய்துகொண்டே, "அம்மம்மா, மைனஸ் எங்கே?" என்று சீண்டுகிறாள். என்னை மன்னித்ததாக அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை ஒரு கணக்கில் நெடுநேரம் திணறினாள். பொறுக்கமாட்டாமல் அடுத்த வரியை எழுதக் கை நீட்டினேன். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையை எடு. நான் செய்வன்."

எடுத்தேன்.